பஞ்சாரமும் குண்டு பல்பும்

கோழிக்குஞ்சைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் ஒருமுறை இராசபாளையத்திலிருந்து சேத்தூர் வழியாகத் தேவதானத்துக்கு வரட்டும். மலையடிவாரத்து முற்றங்களில் கவிழ்த்து வைத்த பஞ்சாரங்களைக் காணலாம். நெல்லும் தேங்காயும் விற்ற பணம் பெரும்பாலும் ஆண்களின் கைக்குப் போகிறது. முட்டை விற்ற காசோ வீட்டுப் பெண்ணின் முந்தானையில் முடியப்படுகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும் நம்மில் சிலரின் பேருந்துச் செலவுக்கும் அம்முடிச்சே அவிழ்ந்திருக்கிறது. எனவே இது நகைப்புக்குரிய பொருளன்று.

நம் சிறுவிடைக் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை 21 நாள் அடைகாத்துப் பொரிக்கிறது. அதன்பின் இரண்டு மூன்று மாதங்கள் குஞ்சுகளோடு திரிகிறது. அதுவரை மீண்டும் முட்டையிடுவதில்லை. அதற்குள் பருந்து தூக்கியது சில, கீரி பிடித்தது சில, மழையில் நனைந்து விறைத்தது சில. பாதி தேறினால் அதிர்ஷ்டம் என்று நம் தாய்மார் ஆறுதல் கொள்கின்றனர். இந்த இழப்பை விதி என்று ஏற்பது சரிதானா?

தமிழக அரசு ஏழைப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்கிய திட்டங்களில், நான்கு வாரம் வளர்த்த குஞ்சுகளைக் கொடுத்ததுண்டு. காரணம் தெளிவு. முதல் நான்கு வாரம்தான் கண்டம். அதைத் தாண்டிய குஞ்சு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒருநாள் குஞ்சைவிட ஒரு மாதக் குஞ்சுக்கு விலை அதிகம் என்பதற்கும் இதுவே காரணம். அந்த நான்கு வார உழைப்பையும் அதன் ஊதியத்தையும் வெளியூர்ப் பண்ணைகளுக்கு விட்டுக்கொடுப்பானேன்? நம் ஊர்க் கொல்லையிலேயே அதைச் செய்யலாம் என்பதே என் கருத்து.

இதற்கு மாளிகை வேண்டாம். பிறந்த குஞ்சால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. இறகு முளைக்கும்வரை தாயின் சிறகுச் சூட்டுக்கு ஈடான சூட்டை நாம் தர வேண்டும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பின் வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. 50 குஞ்சுக்கு 100 வாட் போதும். இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. சூடு தரும் பழைய குண்டு பல்பே வேண்டும். சுற்றிலும் தகரத்தையோ அட்டையையோ வட்டமாக நிறுத்த வேண்டும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் உமி பரப்ப வேண்டும்.

வெப்பமானி இல்லையே என்று கவலை வேண்டாம். குஞ்சுகளே வெப்பமானி! விளக்கடியில் குவிந்தால் குளிர். விளக்கைவிட்டு விலகி ஓடினால் சூடு. பரவலாக மேய்ந்தால் அளவு சரி.

திறந்த வெளியில் வைப்பவர்கள் மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி நனைந்தால் இரத்தக்கழிச்சல் வரும். மலைக்காற்று வீசும் பக்கம் சாக்குத் திரை கட்டலாம். ஆனால் மேலே காற்றோட்டத்தை அடைக்கலாகாது. பாம்பும் கீரியும் நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை அவசியம். மின்சாரம் நின்றால் மண்சட்டியில் தணல் வைக்கலாம். அப்போது திரையை முழுதும் மூடினால் கரிப்புகையே எமனாகும்.

சூட்டில் தப்பிய குஞ்சை வெள்ளைக்கழிச்சல் கொண்டுபோகலாம். இராணிக்கெட் என்ற மலையூரின் பெயரால் வழங்கும் இந்நோய்க்கு ஏழாம் நாள் சொட்டுமருந்தும், எட்டாம் வாரம் தடுப்பூசியும் உண்டு. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி கிடைக்கும்.

‘தாய்க்கோழிக்கு பல்பு ஈடாகுமா?’ என்று பெரியவர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. கிளறித் தின்னவும் பருந்துக்கு ஒளியவும் பல்பு கற்றுத்தராது. ஒரே கோழி உள்ள வீட்டுக்குப் பஞ்சாரமே போதும். ஐம்பது குஞ்சு வளர்த்து நாலு காசு பார்க்க நினைப்பவளுக்கு அது போதாது. குஞ்சைப் பிரித்து வளர்த்தால் தாய்க்கோழி விரைவில் மீண்டும் முட்டையிடும் என்பது மற்றோர் ஆதாயம்.

1920-களிலேயே மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராமச் சீரமைப்புப் பணியில் கோழி வளர்ப்பும் முட்டை விற்பனையும் இடம்பெற்றன. நூறாண்டு கழிந்தும் நாம் தயங்குவது ஏன்? நம் விலங்கியல் துறை கல்லூரி வளாகத்தில் ஒரு குஞ்சுக்கூண்டு அமைக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் சாலையோரம் சுத்தம் செய்வதோடு நில்லாமல், இதையும் செய்துகாட்டுவோம். கருவின் வளர்ச்சியைப் படம் வரைந்து மதிப்பெண் பெறும் நாம், முட்டையை விட்டு வெளிவந்த உயிரை நான்கு வாரம் காக்கவும் கற்றால், படிப்பின் பயன் நம் தாய்மாரின் முந்தானை முடிச்சுவரை போய்ச் சேரும்.