பகுதி எண்ணைப் பற்றி

மாத்தளை மாவட்டத்தின் வடபால், தம்புள்ளையை அடுத்த வெளிகளில், தைக் கடைசியின் முன்னிரவில் தென்திசையை நோக்குவோர்க்குப் பெரிய மகெல்லன் மேகம் அடிவானுக்கு ஏறத்தாழ 12 பாகை மேலே, நீராவி செறிந்த காற்றின் பெரும்படலத்தை ஊடுருவியே தென்பட வேண்டியிருக்கிறது. அதற்குமேல் அஃது எழுவதில்லை. அம்மேகத்தில் ஐதரசனோடு ஒப்பிட்ட ஒட்சிசனின் அளவு சூரியனிலுள்ளதில் ஏறக்குறையப் பாதி என்று தயக்கமின்றி எழுதும் நாம், அவ்விகிதம் நிர்ணயிக்கப்பட்ட விதத்தை எழுதுவதில் மட்டும் பெருஞ்சிக்கனம் காட்டுகிறோம்.

ஒட்சிசனின் 4363 அங்ஸ்ட்ரோம் கோட்டைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கும் வழியில், அளக்கப்படும் நெபுலாவினுள்ளே வெப்பம் ஏறியிறங்கியிருப்பின், சூடான பகுதிகளே அக்கோட்டில் மேலோங்கி, ஒட்சிசனைக் குறைத்துக் காட்டிவிடும். ஒட்சிசனின் 52, 88 மைக்ரோன் செந்நிறக்கீழ்க் கோடுகளோ, மிகத் தாழ்ந்த சக்தி நிலைகளிலிருந்து பிறப்பவையாதலின், வெப்பநிலைக்கு அநேகமாக அசைவதில்லை. தூசியும் அவற்றை மறைப்பதில்லை. அடர்த்தி மிகுந்தால் மோதல்களால் அவை நலியுமென்பது மெய். ஆயினும் இரண்டையும் ஒருங்கே அளந்தால் அவற்றின் விகிதமே அடர்த்தியையும் உரைத்துவிடும்.

இக்கோடுகள் தரையை எட்டாதவை. போயிங் 747 விமானத்தில் 12 கிலோமீற்றருக்கு மேலே பறந்து, நியூசிலாந்திலிருந்து தென்வானையும் அவதானித்த சோஃபியா தொலைநோக்கி, 2022 செப்டெம்பர் 29இல் தன் இறுதி அவதானப் பயணத்தை முடித்துக்கொண்டது.

உண்மையில், சோஃபியாவின் தரவுகளின் பலவீனம் ஒட்சிசனில் அன்று, பின்னத்தின் பகுதியாகிய ஐதரசனிலேயே உளது: ஒட்சிசனை விமானத்திலிருந்தும், ஐதரசனை வேறொரு ரேடியோத் தொலைநோக்கியின் வேறொரு பரப்பிலிருந்தும் பெற்று வகுத்த விகிதத்துக்கு இரண்டு தசமதானத் துல்லியம் கோருவது மிகை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நடு செந்நிறக்கீழ்க் கருவியிலோ, நியோனின் 12.81, 15.56 மைக்ரோன் கோடுகளும் ஐதரசனின் 12.37 மைக்ரோன் கோடும் மூன்றாம் அலைத்தொகுதியிலேயே அமைகின்றன. அயனாக்கப்பட்ட நெபுலாக்களில் நியோனின் பிரதான அயன்கள் இரண்டும் இவ்விதம் கைக்கெட்டுவதால், மூலகச் செறிவின் அளவுகோலாக நியோனையே முதலிற்கொள்வது உசிதமென்பது எமது அபிப்பிராயம். ஐதரசன் கோடு மங்கலானதே. அதற்காகவே நீண்ட அவதான நேரம் கேட்கப்பட வேண்டும்.

சோஃபியாவின் தரவுக் களஞ்சியம் எவர்க்கும் திறந்தே கிடப்பதால், பேராதனையிலிருக்கும் மாணவர் ஒருவர் அதனை மீளாய்வு செய்யத் தடையில்லை. அவ்வாறு எழுதப்படும் கட்டுரைகளில், திருத்தப்படாத கோட்டுப் பாயம், அளந்த பரப்பு, பகுதியாகக் கொண்ட ஐதரசன் கோடு ஆகிய மூன்றும் அட்டவணையில் தரப்படாவிடின், இவ்விதழ் அவற்றை மதிப்பாய்வுக்கு அனுப்பாது.