கொடியும் பந்தியும்

பிரிட்டனுக்கு விடுதலை நாள் என்று ஒன்று கிடையாது. ஆனால், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் பிரிட்டனிடமிருந்து விடுபட்ட நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கின்றன. அந்த நாடுகளின் தூதரகங்களும் மக்களும் லண்டனில் நிறைந்திருப்பதால், மார்ச்சில் கானா, ஆகஸ்ட் கடைசியில் மலேசியா, அக்டோபரில் நைஜீரியா என்று ஆண்டு முழுக்க அங்கே யாருக்காவது விடுதலை விழாதான். பந்தோபஸ்து மட்டும் எப்போதும் பழைய எஜமானருடையது!

ஆகஸ்ட் 15 நம்முடைய முறை. ஆல்ட்விச் வீதியில் இருக்கும் ‘இந்தியா ஹவுஸ்’தான் நமது தூதரகம். புது டெல்லியை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் பேக்கரின் கைவண்ணம். 1930-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே வந்து திறந்துவைத்தார். பேரரசின் பெருமைக்காக எழுப்பிய மாளிகை, பதினேழே ஆண்டுகளில் சுதந்திர இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன் அங்கே முதல் ஹைகமிஷனராக அமர்ந்தார்.

லண்டனில் ஆகஸ்ட் 15 அன்று விடுமுறை இல்லை. அதனால் இந்தியர் சங்கங்களின் கொண்டாட்டம் பெரும்பாலும் சனி, ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். பிள்ளைகளின் நடனம், லட்டு, ஜன கண மன. பாடுகிறவர்களில் பலர் கையில் இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் புகுந்த வீட்டிலிருந்து வருவதில் என்ன குற்றம்?

நாம் சொல்ல வேண்டியது வேறொன்று. ஆல்ட்விச் மாளிகைக்கு முன்பே லண்டனில் இன்னொரு இந்தியா ஹவுஸ் இருந்தது. வடக்கே ஹைகேட் பகுதியில், குரோம்வெல் அவென்யூ 65-ஆம் எண் வீடு. 1905-இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா மாணவர்களுக்காகத் திறந்த விடுதி அது. 1857 எழுச்சியின் ஆண்டு நாளை 1908 மே 10-ஆம் தேதி அங்கே விழாவாகவே எடுத்தார்கள். விடுதலைக்கு இன்னும் முப்பத்தொன்பது ஆண்டுகள் இருந்தன. பிரிட்டிஷ் உளவாளிகளின் கண் அந்த வீட்டின்மேலேயே இருந்தது.

அந்த வட்டத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் முக்கியமானவர். திருச்சி வரகனேரியைச் சேர்ந்த, பாரிஸ்டர் படிப்புக்குப் போன வ.வே.சு. ஐயர். சட்டம் படிக்கப் போன இடத்தில் சாவர்க்கரின் தோழரானார். 1909-இல் அதே வட்டத்து இளைஞர் மதன்லால் திங்கரா, பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற பிறகு கெடுபிடி இறுகியது. மறு ஆண்டு ஐயர் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். நாட்டுக்காகப் படிப்பையும் பிழைப்பையும் தூக்கியெறிந்த மனிதர். அதில் யாருக்கும் ஐயம் வேண்டாம்.

அதே ஐயர் பின்னாளில் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். காங்கிரஸும் பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு நடப்பது 1924-இல் வெளியே வந்தது. காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள். பெற்றோர் விருப்பம் என்று குருகுலத் தரப்பில் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1925-இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். சில வாரங்களில் பாபநாசம் அருவியில், மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். பேரரசை எதிர்க்கத் துணிந்தவரால் இரண்டு இலைகளை இடம் மாற்றிப் போட முடியாமல் போனது. தமிழ்நாட்டு அரசியல் திசை திரும்பியதில் அந்தப் பந்திக்குப் பெரிய பங்கு உண்டு.

விடுதலை பெற்ற வீட்டிலேயே தனிப் பந்தி போட்டால் என்னவாகும்? அதற்கும் லண்டனில்தான் சாட்சி இருக்கிறது. ஹைட் பார்க் கார்டன்ஸில் இலங்கைத் தூதரகம் இருக்கிறது. பிப்ரவரி 4 அந்த நாட்டின் சுதந்திர தினம். உள்ளே விழா, வெளியே தடுப்புகளுக்குப் பின்னால் ஈழத்தமிழர்கள், அதைக் கரிநாள் என்று சொல்லி முழக்கமிடுகிறார்கள். ஒரே தீவில் பிறந்தவர்களுக்கு ஒரே நாள் எப்படி இரண்டானது? 1948-இல் விடுதலை வந்தது. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கினார்கள். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றார்கள். பிறகு நடந்தவை நமக்குத் தெரியும். 2016-இல் கொழும்பு விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 2020 விழாவில் தமிழை விட்டுவிட்டார்கள்.

2018 பிப்ரவரி 4, இலங்கையின் எழுபதாவது சுதந்திர தினம். லண்டன் தூதரகத்தின் பாதுகாப்பு ஆலோசகர் பிரிகேடியர் பிரியங்கா பெர்னாண்டோ ராணுவச் சீருடையில் வெளியே வந்து, போராடிக்கொண்டிருந்த தமிழர்களைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2021-இல் உயர் நீதிமன்றம், தூதரக அதிகாரிகளுக்கான சட்டப் பாதுகாப்பைக் காட்டி அதை ரத்து செய்தது. சட்டம் என்ன சொன்னாலும், குடிமக்களுக்குத் தூதரகம் தந்த சுதந்திர தின வாழ்த்து அதுவாகத்தான் பதிவாகியிருக்கிறது.

இலங்கையைக் கைகாட்டிவிட்டு நாம் நிம்மதியாக மிட்டாய் தின்ன முடியாது. தமிழ்நாட்டில் சுதந்திர தினத்தன்று கோட்டையில் கொடியேற்றும் உரிமை முன்பு ஆளுநர்களிடம் இருந்தது. முதல்வர்களுக்கும் அந்த உரிமை வேண்டுமென்று கேட்டுப் பெற்று, 1974-இல் கருணாநிதி புனித ஜார்ஜ் கோட்டையில் கொடியேற்றினார். ஆளுநரிடமிருந்து முதல்வர் வரை வந்த கயிறு, ஊராட்சித் தலைவர் கைக்கு வருவதற்குள் சிக்கிக்கொள்கிறது. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான பட்டியலினப் பெண்ணைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி பரவிய பிறகு, சில நாள் கழித்து ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். 2022-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது. விடுதலை கிடைத்து எழுபத்தைந்தாவது ஆண்டு நிறைவில், இப்படியொரு கடிதம்!

ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊரில் கிராமசபை கூடும். லண்டனில் இருக்கும் வாசகர்கள் ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் நேரில் போங்கள். யார் கொடியேற்றினார், யாருக்கு நாற்காலி போடவில்லை, பேச எழுந்த யாரை உட்கார வைத்தார்கள் என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயருடன் வெளியிடுகிறோம்.