கை எழுந்ததும் கதவு தாழிட்டதும்

அண்மையில் ஓர் இலக்கியச் சந்திப்பில் வாசிக்கப்பட்ட சிறுகதை பற்றி எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை. கதையில் கணவன் மனைவியை அடிக்கிறான். அடித்த பின், "என் கை என்னைக் கேட்டா எழுந்தது?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். பாத்திரத்தின் கூற்றாக மட்டும் அது நின்றிருந்தால் எனக்கு வழக்கில்லை. கலந்துரையாடலில் கதாசிரியர் எழுந்து, மனிதன் தீர்மானிக்குமுன் மூளை தீர்மானித்துவிடுகிறது, விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது, ஆகவே அவனைக் குற்றவாளி என்பது பழைய ஒழுக்கவாதம் என்றார். பின்வரிசையிலிருந்து இன்னொருவர், கழா கத்ரை மேற்கத்தையர் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தார். பலர் தலையாட்டினார்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. வாசித்துவிட்டுப் பேசலாம் என்றிருந்தேன்.

1964இல் ஜேர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் கோர்ன்ஹூபரும் அவரது மாணவர் டீக்கேயும், ஆட்களின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி, விரும்பியபோது விரலை அசைக்கச் சொன்னார்கள். ஒரு தடவையில் எதுவும் தெரியாது. மூளையின் பொது இரைச்சலில் அந்தச் சிறு சமிக்ஞை அமிழ்ந்துவிடும். ஆகவே பதிவுநாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு, பல தடவைகளின் சராசரியை எடுத்தார்கள். அசைவுக்கு ஒரு செக்கனுக்கு முன்பிருந்தே மெல்ல வளரும் ஒரு மின்மாற்றம் தெரிந்தது. ஆயத்த மின்னழுத்தம் என்று அதைச் சொல்லலாம்.

1983இல் சான்பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் இதனோடு ஒரு கடிகாரத்தைச் சேர்த்தார். 2.56 செக்கனில் வட்டத்தைச் சுற்றிவரும் ஒளிப்புள்ளி அது. மணிக்கட்டை அசைக்க விருப்பம் தோன்றியபோது புள்ளி எங்கே இருந்தது என்று கேட்டார். மூளையின் ஆயத்தம் அசைவுக்குச் சுமார் 550 மில்லிசெக்கன் முன்பும், விருப்பம் சுமார் 200 மில்லிசெக்கன் முன்பும் தொடங்குவதாகக் கண்டார். இந்த இடைவெளியைத்தான் எம் கதாசிரியர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் லிபெட்டே அவர் பக்கம் இல்லை. எஞ்சிய அந்தக் கணத்தில் செயலைத் தடுக்க மனிதனால் முடியும் என்றுதான் அவர் கடைசிவரை வாதாடினார்.

அதற்குப் பின் நடந்ததையும் எம்மவர்கள் வாசிக்கவில்லை. 2012இல் ஷூர்கர், சிட், டெஹேன் ஆகிய மூவரும் சராசரி எடுக்கும் முறைக்குள்ளேயே ஒரு பொறி இருப்பதைக் காட்டினார்கள். தடுப்புச் சுவரைத் தாண்டி விழுந்த கடலலைகளை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றையும் பின்னோக்கிப் பார்த்தால், எல்லாம் ஏறி வந்ததாகத்தான் தெரியும். அதற்காகக் கடல் முன்கூட்டியே தீர்மானித்தது என்போமா? மூளையின் செயற்பாடும் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அசைய வேறு காரணமேதும் இல்லாதபோது ஓர் ஏற்றம் எல்லையைத் தாண்டினால் விரல் அசைகிறது என்பது அவர்கள் விளக்கம். விவாதம் இன்னும் முடியவில்லை. முடியாத விவாதத்தைத் தீர்ப்பாக வாசிப்பதுதான் எனக்குக் கோபம்.

இன்னுமொன்று. 2019இல் மாவோஸ் குழுவினர் விரலை விட்டுவிட்டு, எந்தத் தொண்டு நிறுவனத்துக்கு 1,000 டொலர் போகவேண்டும் என்று ஆட்களைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். பொருளற்ற தெரிவுகளில் தோன்றிய அந்த ஆயத்த அலை, யோசித்துச் செய்த தெரிவுகளில் இல்லை, அல்லது மிக மங்கலாக இருந்தது. காரணமின்றி மணிக்கட்டை அசைப்பதும் மனைவியை அடிப்பதும் ஒரே வகைச் செயலா?

நானும் ஒன்றை இழந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மண்டைக்குள் ஒரு குட்டி அரசன் உட்கார்ந்து கட்டளையிடுகிறான் என்ற என் சிறுபராய நம்பிக்கை போய்விட்டது. போகட்டும். கழா கத்ர் என்று மகிழ்ந்தவருக்கும் ஒரு வார்த்தை: மனிதன் காற்றில் பறக்கும் இறகு என்ற ஜபரிய்யாக்களின் வாதம் நமக்குப் புதிதல்ல. செயலைப் படைப்பவன் இறைவன், அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்று அஷ்அரிகள் சொன்னது அதை மறுக்கத்தான். கத்ரை நம்பிய அவர்கள் அடித்தவனை விடுவிக்கவில்லை.

கதையைத் திரும்பவும் வாசித்தேன். மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறான். சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைக்கிறான். பிள்ளைகளை உம்மம்மா வீட்டுக்கு அனுப்புகிறான். கதவைத் தாழிடுகிறான். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுகிறான். பிறகுதான் கை எழுகிறது. இவற்றில் எதை அவன் மூளை அவனைக் கேளாமல் அரைச் செக்கனுக்குள் செய்து முடித்தது என்பதைக் கதாசிரியர் அடுத்த சந்திப்பில் சொல்லட்டும்.