பழசை அழிக்கிற முடிவு ஆற்றை?

கணனியில ஒரு கோப்பைத் திருத்திச் "சேமி" எண்டு அமத்தினால் முந்தி எழுதினது போயிடும். இதை இயற்கை விதி மாதிரி ஏற்றுக்கொண்டிட்டம். விதியில்லை பாருங்கோ, ஆரோ எடுத்த முடிவு.

1978 இல பாவனைக்கு வந்த வி.எம்.எஸ் இயங்குதளத்தில, திருத்திச் சேமிச்சாலும் பழைய கோப்பு அப்பிடியே இருக்கும். புதுசு அடுத்த இலக்கத்தோட பக்கத்தில வந்து நிக்கும்: ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு. பழசுகள் வேண்டாமெண்டால் 'பேர்ஜ்' எண்டு நீங்கள்தான் கட்டளை குடுக்கவேணும். யூனிக்சும் விண்டோசும் அந்த வழியில வரேல்லை. பிறகு அப்பிள் 2007 இல 'ரைம் மெஷின்', மைக்ரோசொவ்ற் 2012 இல 'ஃபைல் ஹிஸ்ரரி' எண்டு குடுத்தினம். ரெண்டையும் நாங்கள்தான் தேடிப்போய்ப் போடவேணும். அப்ப தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் பாதுகாப்பு.

இடம் பிடிக்கும் எண்டு சொல்லுவினம். வீடியோவுக்குச் சரி. எழுத்துக்கு? ஒரு முழு நாவலின்ர எழுத்து, கைத்தொலைபேசியில எடுக்கிற ஒரு படத்தளவு இடமும் பிடிக்காது. எத்தினை பழசு வைக்கிறது எண்டு எல்லை போடுற வசதியும் வி.எம்.எஸ்ஸில இருந்தது.

ஏடுகள் எங்களுக்கு என்ன சொல்லித் தந்தது? 1887 இல சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ.வே.சா. சீவகசிந்தாமணியையும் அச்சேற்றினவை. ஏட்டுக்கு ஏடு சொல் மாறும். அதுக்குப் பேர் பாடபேதம். பல பிரதிகள் மிஞ்சினபடியால்தான் ஒப்பிட்டுப் பார்த்துப் பதிப்பிக்க முடிஞ்சது.

நான் ஃபொறஸ்ற் கேற்றில றெஸ்ரோரண்ட் வேலை முடிச்சு வந்து இரவிலதான் ஊர்க்கதை எழுதுறன். முதல் எழுத்தில கோவம் இருக்கும், பேச்சு ஊர்ப்பேச்சாய் இருக்கும். மூண்டாந்தரம் திருத்தேக்க தமிழ் வடிவாய் வரும், கோவம் வடிஞ்சிடும். எது உண்மைக்குக் கிட்ட எண்டு பத்து வருசம் கழிச்சுத்தான் விளங்கும். அதுக்கு ரெண்டும் இருக்கவேணும்.

ஒரு பயமும் இருக்கு. அகதி எழுதுற கடிதத்தில ஊரில இருக்கிற ஆக்களின்ர பேர் வரும். அழிச்ச பேர் பழைய பிரதியில ஒளிச்சிருந்தால் ஆபத்து. அதாலதான் சொல்லுறன்: வைக்கிறது கணனியின்ர வேலையாய் இருக்கட்டும். ஆனால் என்னென்ன வைச்சிருக்கு எண்டு கண்ணுக்குத் தெரியவேணும், நான் சொன்னால் ஒண்டும் மிச்சமில்லாமல் அழியவேணும்.

ஊரில எங்கடை கடுதாசிகளை எரிச்சவை எங்களிட்டைக் கேட்டிட்டு எரிக்கேல்லை. இந்தப் பெட்டியாவது கேக்கட்டுமன்.