பயணஞ் சொல்லாத கல்விப் பயணம்

கிழக்கிலங்கையின் கரையோரத்தே, கல்முனைக்கு வடக்கே அமைந்த மருதமுனை, தறியொலியாற் பெயர்பெற்ற ஊர். ஹஜ்ஜுக் காலம் நெருங்கும்போது அவ்வூரிற் பிறிதொரு பரபரப்பும் தோன்றும். யாத்திரை செல்வோருக்கு வகுப்புகள் நடைபெறும். இஹ்றாம் உடுக்கும் முறை, தவாபின் ஒழுங்கு, அறபாவில் தரிக்கும் நேரம், சனநெரிசலில் ஒருவரையொருவர் தவறவிடாதிருக்கும் உபாயம் ஆகிய அனைத்தும் முன்கூட்டியே கற்பிக்கப்படும். பின்னர் யாத்திரிகர் வீடு வீடாகச் சென்று ‘பயணஞ் சொல்லுவர்’, கடன் தீர்ப்பர், மனம் நோகச் செய்திருப்பின் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுவர். மூவர் சேர்ந்து பயணஞ் செய்யினும் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழிப் போதனை. எழுத்தறியாத மூதாட்டியும் தான் எங்குச் செல்கின்றாள், எதற்குச் செல்கின்றாள், யாருடன் செல்கின்றாள் என்பதை அறிந்தே புறப்படுகின்றாள்.

வேறொரு பயணத்தையும் நோக்குவோம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நிறுவப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், மத்திய கிழக்கிற்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வோர் புறப்படுமுன் பயிற்சி பெறுதலைக் கட்டாயமாக்கியுள்ளது. அப்பயிற்சியின் போதாமை பற்றி எவ்வளவோ கூறலாம். எனினும், பயிற்சி வேண்டும் என்ற கொள்கையேனும் அங்கு ஏற்கப்பட்டுவிட்டது.

இனி, நமது பல்கலைக்கழக மாணவரின் நிலை யாது? கல்விப் பயணம் என்ற பெயரிற் கடல் கடந்து செல்லும் குழுவிற்கு நாம் அளிக்கும் ஆயத்தம் ஒரு மணி நேரக் கூட்டம். கடவுச்சீட்டின் பிரதி, விசா, பயணப் பொதியின் நிறை, யார் யாருடன் அறையிற் தங்குவது, கட்டணத்தின் இரண்டாந் தவணை ஆகியவற்றுடன் கூட்டம் கலைகின்றது. செல்லும் நாட்டின் வரலாறு பற்றி ஒரு சொல் இல்லை. காணவிருக்கும் இடங்கள் பற்றி ஒரு வாசிப்பு இல்லை. பணிப்பெண்ணும் யாத்திரிகரும் கற்றுப் புறப்பட, கற்றோர் எனப்படுவோர் மாத்திரம் கல்லாது புறப்படுகின்றனர். இது நாணத்தக்கது என்று கூற நான் தயங்கவில்லை.

இக்குற்றச்சாட்டிற்கு நானும் விலக்கல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் தமிழகம் சென்ற மாணவர் குழுவொன்றில் நானும் இருந்தேன். கைத்தறிப் போர்வைகளுக்குப் பேர்போன ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையில் முதிய நெசவாளர் ஒருவர் எம்மை அன்புடன் வரவேற்றார்.

“உங்க ஊருலயும் தறி இருக்குங்களா?” என்றார்.

உண்டு என்றோம், பெருமையுடன்.

“குழித்தறிங்களா, மேடைத்தறிங்களா? நூலு எங்கிருந்து வருதுங்க? கூலி சங்கம் குடுக்குதுங்களா, முதலாளி குடுக்கறாருங்களா?”

குழுவில் மருதமுனையார் மூவர் இருந்தோம். மூவரும் தறியோசை கேட்டே துயின்று எழுந்தவர்கள். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. “எங்கட உம்மம்மாக்குத்தான் தெரியும்” என்றான் எம்மில் ஒருவன்.

“அப்ப அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமுங்க” என்றார் பெரியவர். எல்லோரும் நகைத்தோம். நகைத்திருக்கக் கூடாது.

அம்முதியவர் கேட்டவை பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல. நூல் யாரிடமிருந்து வருகின்றது, நெய்த துணியை யார் வாங்குகின்றார், இடையில் இலாபம் யாரிடந் தங்குகின்றது என்பனவே ஒரு நெசவூரின் வாழ்வையும் தாழ்வையும் நிருணயிப்பவை. தமிழகத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள. அவற்றின் துணிகளைச் சந்தைப்படுத்த 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் உளது. அவற்றின் நிறைகுறைகளை அறிந்து மருதமுனைக்கு எடுத்து வந்திருக்கலாம். ஆயின், தன்னூர்த் தறியை அறியாதவன் பிறரூர்த் தறியைக் காணும்போது மரச்சட்டத்தையும் நூலையுமே காண்கின்றான். ஒப்பிட ஓர் அளவுகோல் இல்லாதவனுக்குக் காட்சி உண்டு, கல்வி இல்லை.

“தமிழகத்திற் பேசப்படுவதும் நம் மொழிதானே, அங்குச் செல்ல ஆயத்தம் எதற்கு?” என வினவுவோர் உளர். மொழி ஒன்றாயிருப்பதே வேற்றுமையை மறைக்கும் திரை. தமிழகத்து முஸ்லிம் தம்மைத் தமிழர் எனக் கூறுதல் இயல்பு. இலங்கையிலோ முஸ்லிம்கள் தனியோர் இனமாகக் கணிக்கப்படுகின்றனர். “தமிழ் பேசும் நீங்கள் தமிழரல்லரா?” என்ற வினாவை மருதமுனை மாணவன் அங்குச் சந்தித்தே தீருவான். 1888இற் பொன்னம்பலம் இராமநாதன் எழுதிய கட்டுரையையும், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு எழுதிய மறுப்பையும் அறியாது அவன் என்ன விடை பகர்வான்? 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் சிந்திய இரத்தத்தையும், அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் தன் குழுவிலுள்ள தமிழ் நண்பனோடு ஒருமுறையேனும் பேசியிராதவன், அயலார் முன்னிலையில் அவை பற்றிப் பேச நேர்ந்தால் யாது செய்வான்? ஒன்றிற் சினப்பான், அன்றேல் நழுவுவான். உடன் செல்வோரை அறிதலே குழுப் பயணத்தின் முதற் பாடம்.

வெளிநாட்டுக் கல்விப் பயணத்தை ஒழுங்காகத் தொடக்கியோர் இதனை உணர்ந்திருந்தனர். 1923இல் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகத்து இளம் ஆசிரியர் ரேமண்ட் கேர்க்பிரைட் எட்டு மாணவரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். நேரே பாரிஸ் மாநகருக்கு அவர்களைக் கொண்டு செல்லவில்லை. நான்சி நகரில் மொழிப்பயிற்சி பெற்ற பின்னரே அவர்கள் சோர்போனிற் கற்கச் சென்றனர்.

முன்னாயத்தம் புதுமையுணர்வைக் கெடுக்கும் என்பாரும் உளர். இது சோம்பலுக்கு அணிவிக்கும் அழகிய ஆடை. 1942இற் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் பின்னாளில் எகிப்துப் பயணத்தின் பேறாக ‘மிஸ்றின் வசியம்’ என்னும் நூலைத் தமிழுக்குத் தந்தார். எகிப்தைப் பற்றி முன்னரே கற்றிருந்தமை அந்நாட்டின் வசியத்தை அவருக்குக் குறைத்துவிடவில்லை. நாமோ கைத்தொலைபேசி நிறையப் படங்களோடு மீள்கின்றோம். அவற்றுட் பெரும்பாலானவை நம் முகங்களே.

ஆதலின், நமது பல்கலைக்கழகங்களிடம் நான் கோருவன பெருஞ்செலவிற்குரியன அல்ல. புறப்படுவதற்கு ஒரு தவணை முன்னரே குழு கூடுதல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் தொழில், வரலாறு, குறைபாடு ஆகியவற்றுள் ஒன்றை ஆராய்ந்து சக மாணவர் முன் உரைத்தல் வேண்டும். செல்லும் நாட்டைப் பற்றிச் சில நூல்களையேனும் யாவரும் கற்றல் வேண்டும். மாணவர் தமக்கு ஒரு தலைவரைத் தாமே தெரிதல் வேண்டும். மீண்டபின், கண்டதை ஊரார் முன்னிலையில் உரைக்கும் பொறுப்பும் அவர்களுக்குண்டு. 1995இற் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டிலேயே பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இம்மண்ணிலேயே, ஒலுவிலில் அமைந்திருப்பதால், இதில் வழிகாட்டத்தக்க வாய்ப்பு அதற்கு மிகுதியும் உண்டு.

ஊரைவிட்டுப் புறப்படுமுன் ஊராரிடம் பயணஞ் சொல்லுதல் நம் முன்னோர் வழக்கம். பயணஞ் சொல்ல அயல்வீட்டுப் படலையைத் திறக்கும் மாணவன், அங்குள்ள தறியின் முன் ஒரு நாழிகை அமர்ந்து அது எத்தகைய தறி என்று கேட்டுச் செல்வானாக. சென்னிமலைப் பெரியவருக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை.