விதை தெரியும் கண்

மிளகாய் நம் மண்ணிற் பிறந்த பயிரன்று. பழந்தமிழர் உறைப்புக்கு மிளகையே கொண்டனர். அதனைக் ‘கறி’ என்றும் வழங்கினர். அமெரிக்கக் கண்டத்துக்குரிய மிளகாய், 1492க்குப் பின்னரே கீழைத்தேயங்களை அடைந்தது. மிளகுபோல் உறைத்தமையின் அப்பெயர் பெற்றது. ஆயின் பெயரிட்டதனால் மட்டும் அது நமதாகவில்லை. ஆண்டுதோறும் விதை தெரிந்து வைத்த கமக்காரராலேயே நமதாயிற்று.

அத்தெரிவு எளிதன்று. நோயின்றி நிறையக் காய்த்த செடியை முன்னரே குறித்தல் வேண்டும். செடியிலேயே நன்கு பழுத்த பழத்தின் விதையை நிழலில் உலர்த்திப் பேணல் வேண்டும். வேறினம் அருகிருப்பின் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆதலின் தனித்து நடுதலும் வேண்டும்.

“மிளகாய் விதை எங்கிருந்து வருகின்றது?” என்று அண்மையில் என் மாணாக்கரை வினவினேன். “கடையிலிருந்து” என்றனர். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாறே விடையிறுத்தனர்.

கடையில் விற்கும் கலப்பின விதை மிகுந்த விளைவு தருவதை மறுப்பாரில்லை. ஆயின் அதன் பழத்து விதையை மீண்டும் இட்டால், முளைப்பவை ஒரு தன்மையனவாய் அமைவதில்லை. ஆண்டுதோறும் புதிது வாங்கவே நேர்கின்றது. அதனை விலக்குமாறு கூறேன். தோட்டத்தில் ஒரு பாத்தியையேனும் நம் விதைக்கு ஒதுக்குக என்பதே என் வேண்டுகோள். அப்பாத்தியிற் பிள்ளைகளையும் உடன் நிறுத்துக. விதையை விலைக்குப் பெறலாம். விதை தெரியும் கண்ணைப் பெறுதல் இயலாது.