போனவன் துரோகி இல்லைங்க, டி.எம். ஐயா!

ஆணி அதிகம், பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆனா போன வாரம் ஒரு நண்பர் போன்ல அழாத குறையா புலம்பினதைக் கேட்டதுல இருந்து கை அரிக்குது. எழுதிடறேன்.

முதல்ல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியாத மக்களுக்கு ரெண்டே வரி. நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உக்காந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கிட்டு, பகடை உருட்டி, வாயாலேயே கதை பண்ற விளையாட்டு. அந்த உலகத்தை நடத்துறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டி.எம். ஒரே கதை மாசக்கணக்குல, சில சமயம் வருசக்கணக்குல ஓடும்.

நம்ம நண்பர் ஒரு டி.எம். அவர் குரூப்புல அஞ்சு பேர். ஒருத்தருக்கு வேலை வேற ஊருக்கு மாறிடுச்சு, இன்னொருத்தர் வீட்டுல குழந்தை பொறந்திருக்கு. ஆட்டம் பாதியில படுத்துருச்சு. நண்பரோட தீர்ப்பு: "யாருக்கும் சீரியஸ்னெஸ்ஸே இல்ல பாஸ். அடுத்த குரூப்புல ரூல் போடப் போறேன். மூணு வாட்டி வரலைன்னா வெளிய."

அய்யா சாமி, இது என்ன காலேஜா, அட்டென்டன்ஸ் எடுக்க?

சிரிக்காதீங்க, நானும் இந்த நோய் புடிச்சு அலைஞ்சவன்தான். என் குரூப்புல ஒருத்தன் புது வேலைன்னு ஆட்டத்தை விட்டுட்டுப் போனான். எனக்கு செம கடுப்பு. நாப்பது பக்கத்துக்கு எழுதி வச்ச கதையில அவன் பாத்திரம்தான் தொலைஞ்சுபோன இளவரசன். அடுத்த வாரமே அந்த இளவரசனை ஒரு பூதம் மிதிச்சுக் கொன்னுச்சு. மேசையில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எவனோ அதை அவன்கிட்ட போய்ச் சொல்லிட்டான். அவனும் சிரிச்சானாம். ஆனா அதுக்கப்புறம் ஆட்டத்துக்கு மட்டுமில்ல, டீ குடிக்கக்கூட என்கூட வரலை. ஒன்றரை வருசம் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம் அது. நான் கொன்னது ஒரு காகித இளவரசனைன்னு நினைச்சேன், போனது ஒரு சிநேகிதம்.

அதனால அடிச்சுச் சொல்றேன். ஆள் போனதால எந்த ஆட்டமும் சாகலை. அதே அஞ்சு பேர் கடைசி வரைக்கும் இருந்தாத்தான் ஓடும்னு கதை கட்டினீங்க பாருங்க, அதுலதான் செத்துச்சு. குத்தவாளி டி.எம். தான்.

தெருவுல கிரிக்கெட் ஆடினோமே, பதினோரு பேர் சேரட்டும்னு எவனாச்சும் காத்திருந்தோமா? ஆள் குறைஞ்சா ஒருத்தன் ரெண்டு டீமுக்கும் பேட்டிங். ஒருத்தனை அம்மா கூப்பிட்டாங்கன்னா அவன் போவான், ஆட்டம் நிக்காது. நாளைக்கு அவன் வந்தா, "ஏன்டா போனே"ன்னு விசாரணைக் கமிஷனா வச்சோம்?

"அது கிரிக்கெட், இது கதை"ன்னு வருவீங்கன்னு தெரியும். வாங்க, சரித்திரத்துக்கே போவோம். 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் விதிப் புத்தகத்துலேயே, ஒரு காம்பெய்ன்ல நாலு பேர்ல இருந்து அம்பது பேர் வரைக்கும் ஆடலாம்னு போட்டிருக்கு. அம்பது பேரும் வாரா வாரம் வந்து உக்காருவாங்கன்னா எழுதினாங்க? இன்னைக்கு இவன் வருவான், நாளைக்கு அவன் வருவான், உலகம் மட்டும் அப்படியே இருக்கும். நம்ம விளையாட்டோட அடித்தளமே அதுதான்.

அப்புறம் பென் ராபின்ஸ்னு ஒருத்தர். தான் நடத்தின வெஸ்ட் மார்ச்சஸ் ஆட்டத்தைப் பத்தி 2007-ல எழுதினார். நிரந்தர நேரம் கிடையாது, நிரந்தரக் குழு கிடையாது, நிரந்தரக் கதையும் கிடையாது. யார் வர்றாங்களோ அவங்க காட்டுக்குள்ள போவாங்க, ராத்திரி ஆட்டம் முடியறதுக்குள்ள ஊருக்குத் திரும்பிடணும். அவ்ளோதான். அடுத்த வாட்டி வேற ஆளுங்க வந்தாலும் ஒரு குழப்பமும் இல்லை.

"ஆழமான கதை வேணும்னா?" அதுக்கும் வழி இருக்கு. 1985-ல வந்த பென்ட்ராகன்ல பொதுவா ஒரு சாகசம் ஒரு வருசம். குளிர்காலத்துல வீரன் வீட்டுக்குப் போயிடுவான். அவன் செத்தா வாரிசு வருவான். தலைமுறைக் கதைங்க அது, அதைவிட ஆழம் வேணுமா? 1987-ல வந்த ஆர்ஸ் மாஜிகால கதையோட நடுநாயகம் மந்திரவாதிங்க சேர்ந்து வாழற மடம். தனியாள் இல்லை. டி.எம். வேலையைக்கூட மாத்தி மாத்திப் பார்க்கலாம்.

நம்மாளுங்க எதைப் பார்த்து ஏங்குறாங்க? 2015-ல இருந்து இணையத்துல ஓடுற கிரிட்டிக்கல் ரோலை. அதுல ஆடுறவங்க தொழில்முறைக் குரல் நடிகர்கள், அது அவங்க பொழப்பு. உங்க மேசையில இருக்கறவன் நாள் முழுக்க பொட்டி தட்டிட்டு சனிக்கிழமை சாயங்காலம் மிக்சர் பொட்டலத்தோட வர்றவன். அவன்கிட்ட போய் ஒப்பந்தம் கேட்டா எப்படி?

இப்ப என் மேசையில நடக்கறது இதான். மூணு பேர் வந்தா ஆட்டம் உண்டு. ஒவ்வொரு ராத்திரியும் பத்திரமான இடத்துல முடிப்போம். யாரோட பூர்வீகத்தையும் கதையோட அச்சாணி ஆக்க மாட்டேன். புதுசா வர்றவருக்குப் பழைய ஆளுங்களோட அதே லெவல்லதான் பாத்திரம், பத்து நிமிசத்துல உள்ள வந்துரணும். பழங்கதையை நான் படிச்சுக் காட்ட மாட்டேன், பழைய ஆட்டக்காரங்க வாயால சொல்லுவாங்க. தப்புந்தவறுமா சொல்லுவாங்க, அதுவே தனி சுவாரசியம். விட்டுட்டுப் போறவருக்குக் கடைசி நாள் ஒரு காட்சி: பாத்திரம் என்ன ஆகணும்னு அவரே சொல்லணும். ஒருத்தர் சத்திரம் வச்சுக்கறேன்னார். வச்சுக் கொடுத்தோம். இப்பவும் அங்கதான் எல்லாரும் கஞ்சி குடிக்கிறாங்க.

ஒண்ணு மட்டும். வர்றேன்னு சொல்லிட்டு, போன் கூட பண்ணாம நாலு பேரைக் காக்க வைக்கிறது வேற கேஸ். அது மரியாதை சம்பந்தப்பட்டது, முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. அதையும் வாழ்க்கை மாறி ஒருத்தர் விலகுறதையும் ஒரே தராசுல போடாதீங்க.

நண்பர்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "அப்ப என் நாப்பது பக்கக் கதை?"ன்னார். நாவலா எழுதுங்க பாஸ், அதுல எந்தக் கேரக்டரும் லீவு கேட்காது.

டிஸ்கி: பூதம் மிதிச்ச அந்த இளவரசன் உண்மையில சாகலைன்னு கதையை மாத்தி வச்சிருக்கேன். ஒரு நாற்காலியும் காலியா இருக்கு. இன்னும் போன் பண்ணத்தான் தைரியம் வரலை.